சீறிப் பாய்ந்த செடான்

அத்தியாயம் 9

ஒரு மனிதனைக் கொன்ற காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடப்பதற்கு யாரும் எனக்குத் தனியாகச் சம்பளம் தருவதில்லை. இருந்தாலும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஷெரிஃப் அலுவலகத்தின் பின்முற்றத்தில், அப்படித்தான் கிடந்தேன். கையில் ஒரு சாக்பீஸ், காதில் ஒரு எறும்பு.

என் பாஸ், துப்பறியும் பெண்மணி வினிஃப்ரெட் ஹாஸ், இடது பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலது பின்சக்கரத்துக்கு டெப்யூட்டி நாக்ஸ். ஜாக்கியில் தூக்கி நிறுத்திய காரின் இரண்டு சக்கரங்களையும் அவர்கள் ஒரே சீராக ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் நடுவில் இருக்கும் நீள ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று நான் எண்ண வேண்டும். ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தேன். டெப்யூட்டிக்கு ஐம்பது வயது, நல்ல தொப்பை. குனிந்து சக்கரம் சுற்றுவதற்காக அவர் போலீசில் சேரவில்லை என்பதை மூன்று முறை சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை, ஆஷ் க்ரீக் பந்தயத் தடத்தில், ஓடுவதற்காகக் கார்கள் காத்திருக்கும் வரிசையில், கிளேட்டன் ரஸ்க்கின் இந்தக் கறுப்புச் சொகுசு செடான் திடீரென்று சீறிப் பாய்ந்தது. முன்னால் நடந்துகொண்டிருந்த கில் ஹார்ட்சாக்கை கான்கிரீட் சுவரோடு சேர்த்து நசுக்கியது. கில் அந்த இடத்திலேயே இறந்துபோனார். ரஸ்க்கும் கில்லும் டொலீடோவில் தரைவிரிப்புக் கடை வைத்திருந்த பத்தொன்பது வருடக் கூட்டாளிகள். ரஸ்க் அழுதுகொண்டே வாக்குமூலம் கொடுத்தார். ஆக்சிலேட்டரை எப்போதும் தொடுவது போலத்தான் தொட்டாராம். ரெனாட்டா டூடெக் என்ற மெக்கானிக் இன்ஜினை டியூன் செய்ததிலிருந்து வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டதாம்.

அரசு வக்கீல் அதை நம்பினார். ஊரும் நம்பியது. கொடுமை என்னவென்றால் ரெனாட்டாவே நம்பினாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, என் கவனக்குறைவால் ஒரு உயிர் போனது என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறாள். போட்டால் நேராகச் சிறைதான். அவளுடைய வக்கீலுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை, எங்களைக் கூப்பிட்டார். எனக்கு யாரையும் நம்பும் வழக்கம் கிடையாது. அந்தக் கணக்கில் ரெனாட்டாவையும் நம்பவில்லை.

பாஸுக்குச் சந்தேகம் வந்தது இரண்டு துண்டுக் காகிதங்களால். தடத்தில் கால் மைல் ஓடி முடித்ததும் கொடுப்பார்களே, அந்த ஸ்லிப். இந்தக் கூட்டத்தில் கல்யாணப் பத்திரம் தொலைந்தாலும் தொலையும், ஸ்லிப் தொலையாது. ரஸ்க்கின் காரில் டாஷ்போர்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. ஒன்று ஏப்ரலில், டியூன் செய்வதற்கு முன்னால் ஓடியது. இன்னொன்று மே மாதம், டியூன் செய்த பிறகு ஓடியது.

பாஸ் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"முடிவுக் கோட்டைத் தாண்டும்போது வேகம் என்ன, ஓட்டிஸ்?"

"ஏப்ரல்ல நூத்தி ஏழு மைல். மே மாசம் நூத்திப் பதிமூணு. அந்தம்மா வேலை தெரிஞ்ச ஆள்தான் பாஸ்."

"முதல் அறுபது அடிக்கு எவ்வளவு நேரம்?"

"ஏப்ரல்ல 2.05 வினாடி. மே மாசம்..." ஸ்லிப்பை இன்னொரு முறை பார்த்தேன். "2.04."

"அவ்வளவுதான். இன்ஜின் பலம் கடைசியிலதான் தெரியும். டர்போ மூச்சுப் பிடிச்சு எழுந்திருக்கணும்ல? நின்ன இடத்துலேருந்து எப்படிக் கிளம்புதுங்கிறது கியர் சமாசாரம். ரெனாட்டா டியூன் பண்ணின பிறகும் இந்த வண்டி கிளம்புறப்ப பழைய பசுமாடுதான். அப்புறம் எப்படிப் பாஞ்சுச்சு?"

இருபத்திரண்டு வருடம் கியர் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்துவிட்டுத் துப்பறிய வந்தவர் பாஸ். பின் ஆக்சிலின் மூடியில் போல்ட்டுகள் மட்டும் சமீபத்தில் கழற்றி மாட்டியது போலப் பளிச்சென்று இருந்ததை வந்தவுடனேயே பார்த்துவிட்டார். அதன் விளைவுதான் எறும்பும் நானும்.

"சுத்துங்க," என்றேன். கோடு ஒரு முறை கீழே வந்தது, இரண்டு, மூன்று. இந்த மாடலுக்கு அதோடு கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. ஏறக்குறைய நான்காவது சுற்றையும் முடித்துவிட்டுத்தான் நின்றது.

நான் எழுந்து தூசு தட்டினேன். பின் ஆக்சிலுக்குள் கம்பெனி பொருத்திய கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியை யாரோ கழற்றிவிட்டு, அதிகச் சுற்றுக் கொடுக்கும் வேறொன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். சைக்கிளில் மேடு ஏறும்போது சின்ன கியருக்கு மாற்றுவோமே, அதே வேலை. அதே இன்ஜின், அதே மிதி, ஆனால் கிளம்பும்போது சக்கரத்துக்கு நாலில் ஒரு பங்கு கூடுதல் இழுவை.

இனிமேல் ரெனாட்டாவுக்கு விடிவுகாலம் என்று நினைத்தேன். டெப்யூட்டி நாக்ஸ் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, என் நம்பிக்கையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். விபத்துக்கு முந்தைய புதன், வியாழன் இரண்டு நாளும் வண்டி ரெனாட்டாவின் கடையில்தான் இருந்திருக்கிறது. இன்ஜினோ கியரோ, இரண்டுமே அவள் கைதான் என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வழி நெடுக எனக்கும் அதே யோசனைதான்.

*

ஹாம்ட்ராமக்கில் ரெனாட்டாவின் கடை, ஒரு போலந்து பேக்கரிக்கும் ஒரு ஏமன் ஓட்டலுக்கும் நடுவில் இருக்கிறது. போனபோது அவள் தன் கருவிகளைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெயர். எந்த ஸ்பேனர் செட் யாருக்கு என்று எழுதி ஒட்டியிருந்தாள். உயிரோடு இருக்கும்போதே இப்படி உயில் எழுதுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் என் கண் அவளைவிட அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் நின்றது. அங்கே விதவிதமான கிரவுன் பினியன்கள் எண்ணெய்க் காகிதம் சுற்றி அடுக்கியிருந்தன.

புதன்கிழமை வண்டியில் என்ன செய்தாள் என்று பாஸ் கேட்டார். எண்ணெய் மாற்றி, பிரேக் பேட் போட்டதாகச் சொன்னாள். கியரைத் தொடவில்லையாம். கியர் மாறியிருக்கிறது என்று நான் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. நடிப்பவள் என்றால் இந்நேரம் துள்ளிக் குதித்திருப்பாள். நிஜமாகவே குற்றம் செய்தவள் என்றால் தலை குனிந்திருப்பாள். இவள் சும்மா நின்றாள்.

"நீங்க எனக்காகச் சாக்குத் தேடறீங்க மேடம்," என்றாள். "நான் அந்த இன்ஜினுக்குப் பலம் ஏத்தினேன். ஒரு ஆள் செத்துட்டார். வேற யார் ஏத்தினா?"

"வேலை முடிஞ்சதும் வண்டியை ஓட்டிப் பாத்தியா?"

"எப்பவும் ஓட்டிப் பாப்பேன். ஹைவேல ஒரு சுத்து."

"எழுபது மைல்ல போறப்ப இன்ஜின் முள் எங்க நின்னுச்சு?"

அவள் வேலைச் சீட்டை எடுத்து நீட்டினாள். ஒவ்வொரு வண்டிக்கும் இதை எழுதி வைப்பது அவள் பழக்கம். எழுபது மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று என்று முள் காட்டியிருக்கிறது. மாற்றிய கியரோடு ஓடியிருந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் போயிருக்க வேண்டும். அப்படியென்றால் வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி இவள் கையை விட்டுப் போகும்போது பழைய கியர்தான் இருந்திருக்கிறது.

எழுதியது யார் என்று நான் கேட்டேன். நான்தான் என்றாள். அரசு வக்கீல், நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினாயா என்று கேட்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். வெளியே வந்ததும் பாஸிடம் அதைச் சொன்னேன், அலமாரியில் இருந்த கிரவுன் பினியன்களைப் பற்றியும் சொன்னேன்.

"காய்கறிக் கடையில கத்தரிக்காய் இருந்தா குத்தமா?" என்றார் பாஸ். ஆனால் அவரும் விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தார்.

*

மூன்று மணிக்கு ஆஷ் க்ரீக் போனோம். டெப்யூட்டி நாக்ஸையும் பாஸ் வரச் சொல்லியிருந்தார். விடுமுறை நாளில் தன் சொந்தக் காரில், முனகிக்கொண்டே வந்தார். தடத்தில் சனிக்கிழமைப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. எரிந்த டயர் வாடையும் கோனி டாக் சாஸேஜ் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின.

ரஸ்க்கும் அங்கே இருந்தார். தொப்பியில் கறுப்பு நாடா. கில்லுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் மௌனம் காக்க ஏற்பாடு செய்ததே அவர்தானாம். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரெனாட்டாவின் மேல் தனக்குக் கோபமே இல்லை, பாவம், அவளுக்குக் குறைந்த தண்டனை கிடைத்தால் போதும் என்றார். கூட்டாளியை இழந்த ஒரு வாரத்தில் இவ்வளவு தாராள மனசா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாஸ் அவரிடம் மெதுவாகத்தான் விசாரித்தார். ரெனாட்டாவிடமிருந்து வண்டியை எடுத்த பிறகு எந்தத் தடத்துக்கும் கொண்டுபோகவில்லை என்றார் ரஸ்க். வாக்குமூலத்திலும் அதையே எழுதிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரும் வழியில் டயர் பஞ்சராகி, காலையில் எல்லோரும் ஓடிப் பார்க்கும் ஒத்திகையைத் தவறவிட்டு, நேராக வரிசையில் வந்து நின்றாராம். வண்டியின் குணம் மாறியிருந்தது தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர்தான், குறை சொல்ல முடியாது.

பிறகு நாங்கள் தடத்தைக் கண்காணிக்கும் கோபுரத்தில் ஏறினோம். அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றுபவர் மேவிஸ் ஓர்ட்வே. எழுபது வயதை எட்டியவர், கழுத்தில் பைனாகுலர், பேச்சில் அவசரம். ஞாயிறன்று என்ன பார்த்தீர்கள் என்று பாஸ் ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"வண்டி பாஞ்சதைப் பாக்கல. சத்தம் கேட்டுத்தான் பைனாகுலரைத் திருப்பினேன். மனுஷன் சுவரோட கிடக்கார். ஆளுங்க எல்லாம் அவர்கிட்ட ஓடறாங்க. இந்த ரஸ்க் மட்டும் கீழ இறங்கி நின்னு, துணி எடுத்துக் கார்க் கண்ணாடியைத் துடைச்சிட்டிருக்கான். அதிர்ச்சியில மனுஷங்க என்னென்னவோ பண்ணுவாங்கன்னு விட்டுட்டேன்."

அதோடு விடவில்லை, இன்னொன்றையும் சொன்னார். ரஸ்க்கின் முன்னாள் மனைவி ஐலீனுக்கும் கில்லுக்கும் போன மாதம்தான் நிச்சயமாகியிருந்தது. ரஸ்க் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை, மாப்பிள்ளைத் தோழனாக நிற்கவே ஒத்துக்கொண்டார், தங்கமான மனுஷன் என்று தடமே பேசியதாம். தங்கம் என்று ஊரே ஒரே குரலில் சொன்னால் நான் உரசிப் பார்க்கிற ஜாதி.

பாஸின் காதில் கல்யாணம் ஏறவில்லை. கண்ணாடியில் என்ன இருந்தது என்றார்.

"வேற என்ன, டயல்தான்," என்றார் மேவிஸ்.

இந்தப் பந்தயத்தில் ஒவ்வொருவரும் தன் வண்டி எத்தனை வினாடியில் ஓடும் என்பதை முன்கூட்டியே வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். அதுதான் டயல். ஜோடியாக ஓடும் இரண்டு வண்டிகளில் மெதுவானதை, இரண்டு எண்களின் வித்தியாசம் எத்தனை வினாடியோ அத்தனை வினாடி முன்னதாகக் கிளப்பிவிடுவார்கள். எழுதிய எண்ணைவிடச் சீக்கிரம் ஓடிவிட்டால் தோல்வி, வீட்டுக்குப் போகலாம். உலகத்தில் வேகமாக ஓடியதற்காகத் தோற்கும் விளையாட்டு இது ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே இங்கே யாரும் ஆசைக்கு எழுதுவதில்லை. வண்டி நிஜமாக எதை ஓடியதோ அதைத்தான் எழுதுவார்கள், நூறில் ஒரு பங்கு வினாடிவரை.

"அந்த எண்ணைத் துடைச்சுட்டார். யாரும் படிக்கல," என்று நான் பெருமூச்சு விட்டேன்.

மேவிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யார் சொன்னா? கோட்டுக்கு வந்தப்புறம் படிச்சு ஏத்தச் சொல்லித்தான் சட்டம். அதுவரைக்கும் கையைக் கட்டிட்டு உக்கார எனக்குப் பொறுமை இல்ல. மூணு ஜோடி பின்னால நிக்கிறப்பவே பைனாகுலர்ல பாத்து ஏத்திடுவேன்." சொல்லிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தார்.

கார் எண் 417, கிளேட்டன் ரஸ்க். டயல்: 12.12.

மே மாத ஸ்லிப்பைப் பாஸ் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் கால் மைலுக்கு எடுத்துக்கொண்ட நேரம் 12.41. அதற்குப் பிறகு தடத்தையே மிதிக்காதவர், ஒத்திகையும் ஓடாதவர், நூறில் இருபத்தொன்பது பங்கு வினாடியை அவ்வளவு கச்சிதமாக எப்படிக் குறைத்து எழுதினார்? பழைய கியரில் அந்த வண்டி 12.12 ஓட வாய்ப்பே இல்லை. புதிய கியரில் ஓடும். வண்டியின் குணம் மாறியது அவருக்குத் தெரியும். வரிசையில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும் முன்பே தெரியும்.

*

ரஸ்க் வரிசையின் ஓரத்தில், மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த, அவரோடு முப்பது வருடம் பந்தயம் ஓடிய பழைய ஆட்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பாஸ் நேரே போனார். டெப்யூட்டி நாக்ஸ் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் வந்தார்.

"மிஸ்டர் ரஸ்க், போன ஞாயிறு கண்ணாடியில என்ன எழுதியிருந்தீங்க?"

"12.40-ன்னு நினைக்கிறேன். மே மாசம் ஓடினது அதானே."

பாஸ் பட்டியலைக் கொடுத்தார். ரஸ்க் அதை நிதானமாகப் படித்தார். முகத்தில் ஒன்றுமே அசையவில்லை.

"ஓ. அப்படியா எழுதினேன்? ஒத்திகை ஓடாம அவசரமா வந்தேன்ல. கைக்கு வந்ததைக் குத்துமதிப்பா எழுதியிருப்பேன்."

இவ்வளவு தூரம் வந்தும், ஒரே வார்த்தையில் நழுவிவிட்டார். குத்துமதிப்பு என்று சொன்னால் எந்த ஜூரி இவரைத் தண்டிக்கும்? திங்கள் காலை ஒன்பது மணியும் ரெனாட்டாவின் கையெழுத்தும் என் கண் முன்னால் வந்து நின்றன.

பாஸ் அவரோடு வாதாடவே இல்லை. டெப்யூட்டி பக்கம் திரும்பி, நாற்காலிகளுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

"எழுதிக்கோங்க டெப்யூட்டி. கிளேட்டன் ரஸ்க் குத்துமதிப்பா டயல் எழுதுற ஆள். முப்பது வருஷமா இதான் போலிருக்கு. வீட்ல இருக்கிற கோப்பைங்க எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்."

நாற்காலி ஒன்றிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார். எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது என் வேலை. "எங்க அத்தைகூட சர்ச் பிங்கோல இப்படித்தான் ஜெயிப்பாங்க பாஸ். கண்ணை மூடிக்கிட்டு."

இரண்டாவது நாற்காலியும் சிரித்தது. ரஸ்க் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பீர் குடித்திருப்பார். ஆனால் அவர் கழுத்து சிவந்தது. மனைவி போனதைச் சிரித்துக்கொண்டே தாங்கியவர், போலீசிடம் கூசாமல் பொய் சொன்னவர், இதைத் தாங்க முடியாமல் நாற்காலிக்காரர்களைப் பார்த்துப் பேசினார்.

"யார் குத்துமதிப்பா எழுதுறவன்? நான் ஒருநாளும் கண்ணாடியில பொய் நம்பர் எழுதினதில்ல. சனிக்கிழமை மூணு ஓட்டம் ஓடிப் பாத்தேன். 12.12, 12.13, 12.12. அப்புறந்தான் எழுதினேன்."

யாரும் சிரிக்கவில்லை. தடத்தில் ஒரு ஜோடி கார்கள் உறுமிக்கொண்டு போயின.

"எந்த சனிக்கிழமை?" என்றார் டெப்யூட்டி நாக்ஸ்.

ரஸ்க் கையிலிருந்த பட்டியலை மடித்தார்.

"வண்டியை எந்தத் தடத்துக்கும் கொண்டு போகலன்னு எங்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க சார்." டெப்யூட்டியின் குரலில் முனகலே இல்லை. "கியரை மாத்தினது யாருன்னும் இப்ப சொல்லிடுங்க. பக்கத்து மாநிலத் தடங்களுக்கு ஃபோன் பண்ண எனக்கு அரை மணி நேரம் போதும்."

"கில் அதைச் செஞ்சிருக்கக் கூடாது," என்றார் ரஸ்க். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஐலீன் பேரை அவர் வாய் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மடக்கு நாற்காலிகள் ஒவ்வொன்றாக அவரை விட்டுத் தள்ளிப் போயின.

பாஸ் வேலியோரம் நின்று ரெனாட்டாவுக்கு ஃபோன் போட்டார், ஸ்பீக்கரில். நடந்ததை நாலு வரியில் சொன்னார். இன்ஜின் இல்லை, கியர். கியரும் நீ இல்லை. தெரிந்தே மிதித்தான். திங்கட்கிழமை நீ எங்கேயும் போக வேண்டாம்.

நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"கில் என் கடைக்கு நாலஞ்சு தடவை வந்திருக்கார் மேடம்," என்றாள் ரெனாட்டா. "நல்லாச் சிரிப்பார். ஒரு வாரமா அவர் முகமே எனக்கு ஞாபகம் வரல. என் தப்பு மட்டுந்தான் கண்ணு முன்னால நின்னுச்சு. இப்பதான் அவர் முகம் வருது."

பிறகு அழ ஆரம்பித்தாள். பாஸ் ஃபோனை வைக்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் வேலியோரமே நின்றோம்.